உறைந்துபோன இன்சுலினும் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும்

பாலக்கோட்டில் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடத் தொழில். "கூலிங் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை வைக்கிறோம். கூலிங் அதிகமாகிக் காரியம் கெட்டுவிட்டது என்று வந்தவர் இதுவரை ஒரே ஒருவர். அவர் என் அக்கா. கெடுத்தவன் நான்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பென்னாகரத்தைத் தாண்டி ஏரியூர்ப் பக்கம். மாமாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் கேழ்வரகும் நிலக்கடலையும். பெய்யாவிட்டால் பெங்களூரில் கட்டட வேலை. அவர்கள் மகளுக்கு ஏழு வயதில் முதல் வகை நீரிழிவு என்று தெரியவந்தது. இந்த வயதிலா சர்க்கரை என்று ஊரே கேட்டது. மிட்டாய் வாங்கிக் கொடுத்தே கெடுத்துவிட்டாள் என்று அக்காவின் தலையில் பழியும் விழுந்தது. மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றல் வழிதவறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே அழித்துவிடுகிறது. அதன்பிறகு வெளியிலிருந்து ஊசி வழியாக இன்சுலின் போனால்தான் பிழைப்பு. ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது.

மாதம் ஒருமுறை தர்மபுரிக்கு வந்து குப்பிகளை வாங்கிக்கொண்டு போவார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பது, பென்னாகரத்தில் மாறுவது, இறங்கிய பிறகு நடப்பது எல்லாம் சேர்ந்து நான்கு மணி நேரம் ஆகிவிடும். திறக்காத இன்சுலின் குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வீட்டில் ஃப்ரிட்ஜ் உண்டு. நான் கொடுத்ததுதான், கைமாறி வந்த ஒற்றைக் கதவுப் பெட்டி. சிக்கல் வழியில்தான். கடையில் பாலித்தீன் பையில் போட்டுத் தருகிற ஐஸ் துண்டு பென்னாகரம் வருவதற்குள் வெறும் தண்ணீராகி, குப்பியின் மேல் இருக்கும் சீட்டு நனைந்து உரிந்துகொண்டிருக்கும்.

"தம்பி, ஊரான் வீட்டு ஐஸ்கிரீமையெல்லாம் உருகாமல் காப்பாற்றுகிறாய். இதற்கு ஒரு பெட்டி செய்து கொடுக்க மாட்டாயா?" என்று அக்கா கேட்டாள். ரோஷம் வந்துவிட்டது.

கடைக்குப் பின்னால் கிடந்த பழைய ஃப்ரிட்ஜின் கதவை அறுத்தேன். உள்ளே இருக்கும், சூட்டைத் தடுக்கும் மஞ்சள் நிறப் பஃப் நுரையைப் பலகை பலகையாக வெட்டினேன். (வெட்டும்போது முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் இரண்டு நாள் அரிக்கும்.) ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் சுவர், மூட்டுகளில் எல்லாம் அலுமினிய டேப், வெளியே பிளாஸ்டிக் கூடு. கடையின் டீப் ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்கக் கிடந்த ஜெல் பேக்குகள் நான்கு. உள்ளே கையை விட்டால் விரல் மரத்தது. குப்பிகளை அந்த பேக்குகளுக்கு நடுவில் செருகி மூடிக் கொடுத்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அடுத்த வாரம் பாப்பாவின் சர்க்கரை ஏறத் தொடங்கியது. 280, 340, 410. ஊசி தவறவில்லை, சாப்பாடு மாறவில்லை. அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் குளுக்கோமீட்டர் எண்ணுக்குப் பதிலாக 'ஹை' என்று காட்டியது. வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு. 108 வந்தது. மருத்துவமனையில் கீட்டோ அசிடோசிஸ் என்றார்கள். இன்சுலின் வேலை செய்யாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, ரத்தம் அமிலமாகிற நிலை அது. மூன்று நாள் இருந்தாள், மீண்டாள்.

இரண்டாம் நாள் மருத்துவர், வீட்டில் போட்டுக்கொண்டிருந்த குப்பியைக் கொண்டுவரச் சொன்னார். பால்போல் கலங்கலாக இருக்கும் வகை அது. உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டினால் ஒரே சீராகக் கலந்துவிட வேண்டும். அவர் உருட்டினார், ஜன்னல் பக்கம் பிடித்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். உள்சுவரில் வெள்ளைத் துகள்கள், திரிந்த பால் பாத்திரத்தில் ஒட்டியிருப்பதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது எங்கேயாவது உறைந்ததா?"

"வாய்ப்பே இல்லை சார். ஃப்ரீசர் ஜெல் பேக்குக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோனோம்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பேக் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டு இருக்கும் சிறிய கண்ணாடிக் குப்பி பூஜ்யத்துக்குக் கீழே போவதற்கு நான்கு மணி நேரமெல்லாம் தேவையில்லை. இன்சுலின் ஒரு புரதம். உறைந்தால் அதன் கட்டமைப்பு குலைந்து கட்டிதட்டும். உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்கா குப்பிகளை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தாள், அவை அங்கே உருகின, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எங்களுடையது கலங்கல் வகை என்பதால் துகளாவது கண்ணில் பட்டது. தெளிவான வகை உறைந்து உருகினால் சில சமயம் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். அதனால் உறைந்ததோ என்று சந்தேகம் வந்துவிட்டாலே அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டும். விலையை நினைத்தால் கை வராதுதான்.

இரண்டு வாரம் நான் பெட்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புதன் தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர் நீல நிறத் தடுப்பூசிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய், "இவன்தான் என் தம்பி, பெட்டி செய்தவன்" என்று அறிமுகம் செய்துவைத்தாள். அவருக்குக் கதை முழுக்கத் தெரியும் என்பது அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"ஐஸ் பேக்கைப் பதப்படுத்தினீர்களா?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருடத் தொழிலில் நான் கேள்விப்படாத சொல். அவர் தன் பெட்டியைத் திறந்து ஒரு ஐஸ் பேக்கை என் காதருகே பிடித்து ஆட்டினார். உள்ளே தண்ணீர் சலசலத்தது. "ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் மேலே வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. மேசைமேல் பரப்பிவிட்டு மற்ற வேலையைப் பார்க்க வேண்டும். பனி போய், மேலே வியர்த்து, ஆட்டினால் இந்தச் சத்தம் கேட்க வேண்டும். அதன்பிறகு துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். இல்லையென்றால் பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியெல்லாம் உறைந்து வீணாகிவிடும்."

சத்தத்துக்கும் உறைவதற்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தில் எனக்கே பொறி தட்டியது. பனியும் தண்ணீரும் கலந்து கிடக்கும்வரை அந்தக் கலவை பூஜ்யம் டிகிரியில்தான் நிற்கும். அதற்குக் கீழே போகவே முடியாது. மைனஸ் 18-இல் இருந்த முரடனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து சாதுவாக்குவதுதான் அந்தப் பதப்படுத்தல். சத்தம்தான் சான்று. வெப்பமானி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், காது போதும். பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் கேஸ் ஏற்றியே மறந்திருக்கிறேன். அவர் வாரந்தோறும் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக என் வெப்பமானியைச் சோதித்தேன். டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, நடுவில் முனையை விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். என்னுடையது 1.8 காட்டியது. இத்தனை காலம் வாடிக்கையாளர்களிடம் இதை நீட்டிக் காட்டித்தான் சண்டை போட்டிருக்கிறேன். இன்னொரு தவறும் இருந்தது: முனையைப் பெட்டியின் காற்றில் தொங்கவிட்டிருந்தேன். மூடியைத் திறந்தால் காற்றின் சூடு உடனே குதிக்கும், மருந்து அவ்வளவு வேகமாக மாறாது; பேக்கை ஒட்டி இருக்கும் குப்பியோ காற்றைவிடக் குளிராக இருக்கும். இப்போது காலியான இன்சுலின் குப்பி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, ரப்பர் மூடியில் துளையிட்டு முனையை உள்ளே விட்டிருக்கிறேன். மருந்து இருக்கும் இடத்தில், மருந்துபோலவே ஒன்று இருந்தால்தான் மருந்தின் வெப்பநிலை தெரியும்.

பஸ் பயணத்துக்கான பெட்டி இப்படித்தான் சரியானது. அதே பஃப் சுவர். ஜெல் பேக்குகளுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய 400 மில்லி ஐஸ் பேக்குகள் இரண்டு, சத்தம் கேட்கும்வரை வெளியில் கிடந்தவை. குப்பிகள் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள்; டப்பாவுக்கும் பேக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, அதில் மடித்த அட்டை. ஃப்ரீசரே வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிர்ந்த தண்ணீர் பேக்குகளை மட்டும் வைக்கலாம். நேரம் குறைவாகத் தாங்கும், ஆனால் உறையாது. ஏப்ரல் வெயிலில் கடை வாசலில் வைத்துப் பார்த்தேன். எட்டு மணி நேரத்துக்கு என் தண்ணீர்க் குப்பி 3-க்கும் 7-க்கும் நடுவிலேயே நின்றது.

முதல் பயணத்திலேயே வேறொரு கோளாறு. பஸ்ஸில் கூட்டம். பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள இடமில்லாமல், ஓட்டுநர் பக்கத்தில் எல்லோரும் மூட்டை வைக்கிற இடத்தில் அக்கா வைத்துவிட்டாள். அது இன்ஜினின் மேல்மூடி. கீழிருந்து இரண்டு மணி நேரம் வறுத்திருக்கிறது. நான் பெட்டிக்கு நான்கு பக்கமும் மேலும் ஐந்து சென்டிமீட்டர் வைத்தவன், அடியில் மட்டும் பலகை மிச்சமில்லை என்று மூன்றோடு நிறுத்தியிருந்தேன். இப்போது அடிப்பாகம் ஏழு, கூடவே நான்கு ரப்பர் கால்கள், தோளில் மாட்டப் பட்டை. மேல்மூடியில் பெயின்ட்டால் 'இன்ஜின் மேல் வைக்காதீர்கள்' என்றும் எழுதியிருக்கிறேன். மருந்து என்று எழுதியிருந்தபோது யாரும் பொருட்படுத்தவில்லை. இதைப் படித்ததும் நடத்துநரே எடுத்து வேறிடத்தில் வைக்கிறாராம்.

நடுவில் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது; அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐஸ் என்ன ஐஸ், மின்சாரத்தில் குளிரவைக்கலாம் என்று பெல்டியர் தகடு வாங்கினேன். நான்கு சென்டிமீட்டர் சதுரத்தில் வெள்ளைப் பிஸ்கட் மாதிரி இருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சுடும். ஒரு மின்விசிறி, சூட்டை வெளியே கடத்த ஒரு அலுமினிய ஹீட் சிங்க், வெப்பநிலையைப் பார்த்து அணைத்துப் போடும் சின்ன போர்டு. மேசைமேல் அற்புதமாக இருந்தது. தகடு 5 ஆம்பியர் குடித்தது, அதாவது 60 வாட். என்னிடம் இருந்த யுபிஎஸ் பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி: மொத்தம் 84 வாட் மணி. இரண்டு கிலோவுக்கு மேல் கனம், ஆனால் ஒன்றேகால் மணி நேரத்தில் படுத்துவிட்டது. படுத்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சூடான ஹீட் சிங்க்கிலிருந்து அதே தகடு வழியாகச் சூடு திரும்பி உள்ளே இறங்கியது. சும்மா மூடிய பெட்டியைவிட வேகமாக உள்ளே சூடேறியது. சுவரில் நானே காசு கொடுத்து ஓட்டை போட்டதுபோல. காரின் சாக்கெட்டில் செருகிக்கொண்டே போகிறவர்களுக்கு அது உதவலாம். ஏரியூர் டவுன் பஸ்ஸில் உதவாது.

அடுத்த பிரச்சினை பள்ளிக்கூடம். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்தாகும் திரும்ப. மதிய ஊசிக்கான குப்பியும் குளுகாகனும் அவளோடு போக வேண்டும். குளுகாகன் என்பது சர்க்கரை மிகவும் தாழ்ந்து நினைவு தப்பினால் போடுகிற ஊசி. தர்மபுரியில் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் கைவசம் இல்லை, சொல்லிவைத்து வரவழைத்தோம். தினமும் காலையில் ஐஸ் பேக்கைப் பதப்படுத்தி, துடைத்து, அட்டை வைத்து அனுப்ப அக்காவுக்கு நேரமும் இல்லை, எனக்கு இனி துணிச்சலும் இல்லை.

அப்போதுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டை விரித்துப் படித்தேன். திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி தேவையே இல்லை! சில நிறுவனங்கள் 25 டிகிரி என்கின்றன, சில 30 என்கின்றன. அதற்குள் இருந்தால் பெரும்பாலான வகைகள் 28 நாள்வரை தாங்கும். எங்களுக்கு வந்த குளுகாகனின் சீட்டில் 25 டிகிரிக்குள் 18 மாதம்வரை வெளியில் வைக்கலாம் என்று இருந்தது, காலாவதி நாள் அதற்குமுன் வராவிட்டால். இரண்டுக்குமே ஒரே கண்டிப்பு: உறையக் கூடாது. எவ்வளவு குளிர் வேண்டும் என்று மருந்தைக் கேட்காமல், என்னால் எவ்வளவு முடியும் என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதில் தொழில்காரனுக்கு ஒரு கணக்கு உண்டு. பெட்டிக்குள் சூடு இறங்கும் வேகம், வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 38, உள்ளே 4 என்றால் வித்தியாசம் 34. உள்ளே 24 போதும் என்றால் வித்தியாசம் 14. பாதிக்கும் குறைவான வேலை. பெட்டி மெலியலாம், கனம் குறையலாம், ஒரு சிறுமி தூக்கிக்கொண்டு நடக்கலாம். கேள்வி ஒன்றுதான்: 24-இல் நிற்கிற 'ஐஸ்' எது?

விடை என் தலையிலேயே இருந்தது, நிஜமாகவே. தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மார்கழி, தை மாதங்களில் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வெள்ளையாக இறுகிக் கிடக்கும். ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டுக் குளித்து வந்தால் ஓரம் மட்டும் இளகியிருக்கும், நடுவில் கட்டி மிதக்கும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உருகும். உருகி முடியும்வரை அங்கேயே நிற்கும், பனிக்கட்டி பூஜ்யத்தில் நிற்பதுபோல. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் சூடு வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் நமக்குத் தேவையும் குறைந்துவிட்டதே.

இதில் இன்னொரு நிம்மதி, உறைகிற ஆபத்தே இல்லை. எண்ணெய் பேக்கை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், சாதாரணத் தட்டில் 4, 5 டிகிரியில் வைத்தாலே கல்லாகிவிடும். அப்படியே எடுத்து மருந்தோடு ஒட்டி வைத்தாலும் மருந்து 4 டிகிரிக்குக் கீழே போக வழியில்லை. காலை அவசரத்தில் அக்கா தவறு செய்தாலும், பாப்பா தவறு செய்தாலும், நானே தவறு செய்தாலும் மருந்து பிழைக்கும்.

செய்முறையில் எண்ணெய் கொஞ்சம் படுத்தியது. தட்டையான ஐஸ் பேக் கூடுகளில் 150 மில்லி வீதம் ஊற்றினேன். இளகிய எண்ணெய் எந்தத் திருகு மூடியிலும் கசியும். மரையில் டெஃப்லான் டேப் நான்கு சுற்று சுற்றி இறுக்கிய பிறகு நின்றது. சூட்டில் விரியும் என்பதால் மேலே ஒரு விரல் காலியாக விட வேண்டும். மலிவாக வாங்கிய ஒரு எண்ணெய் பாதி இறுகி, பாதி கூழாகவே கிடந்தது. செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு மாறினேன். பெட்டியின் நீளத்தை முடிவு செய்தது குளுகாகனின் ஆரஞ்சு நிற உறை. அது இன்சுலின் குப்பியைவிடப் பல மடங்கு நீளம். நான் முதலில் செய்த அழகான சதுரப் பெட்டிக்குள் போகவே இல்லை. முதலில் மருந்தை மேசைமேல் படுக்கவைத்து அளந்துவிட்டு, பிறகு ரம்பத்தை எடுங்கள். குப்பியை மட்டும் எடுத்துப் போகிறவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் எதற்கு? அகல வாய் ஃபிளாஸ்க் ஒன்றும் அதற்குள் நுழைகிற சிறிய எண்ணெய் டப்பாவும் போதும்.

இரண்டு பேக், மூன்று சென்டிமீட்டர் சுவர். மே மாதம் கடை வாசலில் 38 டிகிரி நிழலில் ஒன்பது மணி நேரம் 26-ஐத் தாண்டவில்லை. பேக்கின் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் குழாயில் அதே எண்ணெயை ஊற்றிப் பொருத்தியிருக்கிறேன். வெள்ளையாக இருந்தால் பயமில்லை, முழுக்கத் தெளிந்துவிட்டால் நிழலுக்குப் போ. பாப்பாவுக்கு இந்த வெப்பமானி மட்டும் மிகவும் பிடித்துவிட்டது.

25-ஐக் கொஞ்சம் தாண்டினால் எல்லாம் போயிற்றா என்றால் இல்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. கென்யாவின் அகதிகள் முகாம் ஒன்றில் நிலவும் சூட்டை, பகலில் 37, இரவில் 25 என்று ஏறி இறங்குவதை, ஆய்வகத்தில் அப்படியே உண்டாக்கி நான்கு வாரம் இன்சுலினை வைத்துப் பார்த்தார்கள். ஆற்றல் ஒரு சதவீதத்துக்கு மேல் குறையவில்லை. இதைச் சொல்வது வெயிலில் வையுங்கள் என்பதற்கு அல்ல. பைக் பெட்டிக்குள்ளும் நிறுத்திய காருக்குள்ளும் ஏறும் சூடு இந்தக் கணக்கில் வராது. ஒரு நாள் எண்ணெய் உருகிவிட்டது என்று அக்கா அழுதுகொண்டே போன் செய்தாள். அவளுக்குச் சொன்ன பதில் இது.

பள்ளியில் ஒரே ஒருமுறை அவசரம் வந்தது. விளையாட்டு வகுப்பு முடிந்து கை நடுங்கி, வியர்த்து உட்கார்ந்துவிட்டாள். நினைவு இருந்தது. அந்த நேரத்தில் தேவை ஊசி அல்ல, சர்க்கரை: 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். டீச்சர் பெட்டியைத் திறந்திருக்கிறார். மேலே எண்ணெய் பேக், அதன் கீழே குப்பி, அதன் கீழே ஆரஞ்சு உறை, எல்லாவற்றுக்கும் அடியில் குளுக்கோஸ் பொட்டலம். குளிரே தேவைப்படாத பொருளைக் குளிர்ப் பெட்டியின் அடியில் புதைத்து வைத்த அறிவாளி நான். டீச்சர் கை பதறி எல்லாவற்றையும் தரையில் கொட்டி எடுத்திருக்கிறார்.

அன்று மாலையே வெளியில் ஒரு பை தைத்து ஒட்டினேன். குளுக்கோஸும் மீட்டரும் அதில். மூடியின் உட்பக்கம் பெரிய எழுத்தில் மூன்று வரி: நினைவு இருந்தால் சர்க்கரை கொடுக்கவும். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஊசி போடவும். 108-ஐ அழைக்கவும். குளுகாகன் பொடியாக இருக்கும், கூட வரும் ஊசியின் தண்ணீரில் கலக்கி உடனே போட வேண்டும். அரை மில்லிகிராமா, ஒன்றா என்பது பிள்ளையின் எடையைப் பொறுத்தது. அதை மருத்துவர் எழுதிக் கொடுத்தபடியே ஒட்டினேன். செவிலியர் பள்ளிக்கு வந்து, சாத்துக்குடியில் வெறும் தண்ணீர் ஊசியைக் குத்தவைத்து இரண்டு டீச்சர்களைப் பழக்கினார். முதல் குத்தில் இருவருமே கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பெட்டி செய்கிறவன் என்று பெயர் பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தேனீ கொட்டினால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிற ஒருவர், மருத்துவர் கொடுத்த அட்ரினலினை ஐஸில் வைக்கப் பெட்டி கேட்டார். சீட்டைப் படித்தோம். அதை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. அறை வெப்பநிலை, வெளிச்சம் படக் கூடாது, பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டும். அவருக்கு ஒரு கறுப்பு உறை மட்டும் கொடுத்தனுப்பினேன். இன்னொருவர் தோட்டத்துக்குப் பாம்புக்கடி மருந்துப் பெட்டி வேண்டும் என்றார். செவிலியரிடம் கேட்டதற்குச் சிரித்துவிட்டார். பொடியாக வரும் விஷமுறிவு மருந்துக்குக் குளிர் தேவையில்லை. ஆனால் அதைப் போட்டதும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும் என்பதால் மருத்துவமனையில்தான் போட வேண்டும். அவருக்குத் தேவை பெட்டியல்ல, இரவில் கிளம்பக்கூடிய வண்டியும் அதில் பெட்ரோலும்.

போன வருடம் கோடைமழைச் சூறைக்காற்றில் கம்பம் சாய்ந்து இரண்டு நாள் மின்சாரம் இல்லை. அக்கா பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் மணலைக் கொட்டி நனைத்து, ஈரத்துணி போட்டுத் திண்ணை நிழலில் வைத்திருந்தாள். உள்ளே 26 காட்டியது. அதற்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன வாரம் போனபோது பள்ளிப் பெட்டியைப் பரிசோதித்தேன். பேக்குகளில் கசிவு இல்லை. குப்பி உருட்டியதும் சீராகக் கலந்தது. வெளிப் பையில் கையை விட்டேன். குளுக்கோஸ், மீட்டர், அதற்குப் பின்னால் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் நான்கு கீற்று மாங்காய், உப்பும் மிளகாய்த்தூளும் தடவி.

"இது குளிரில் இருக்க வேண்டியது இல்லையே மாமா, அதனால்தான் வெளியில் வைத்தேன்" என்றாள்.